எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, வேலை செய்யவில்லை: எங்கே பார்ப்பது?

நிரல் எழுதும் மென்பொருளான வி.எஸ். கோடில், கூடுதல் வசதிக்காக ஒரு எக்ஸ்டென்ஷனை நிறுவுகிறோம். பக்கப் பட்டியலில் அதன் பெயரும் படமும் வந்துவிடுகின்றன. நிரல் கோப்பைத் திறந்தால் ஒன்றும் நடப்பதில்லை. பிழைக்குச் சிவப்பு அடிக்கோடு விழவில்லை, எழுதும்போது சொற்களை எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டளையை அழுத்தினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வலது மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. உடனே பெரும்பாலோர் எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். எப்போதாவது அது பலிக்கும். பலிக்காத நாளில் அரைப் பொழுது வீணாகும். காரணம் வி.எஸ். கோடுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும், அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நிரல் கற்கத் தொடங்கியவர்கள் இந்த இடத்தில் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டுச் சோர்ந்துபோவதுதான் எனக்கு வருத்தம். தவறு பெரும்பாலும் அவர்களுடையது அல்ல.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். எக்ஸ்டென்ஷன் நிறுவப்பட்டிருப்பது ஒரு நிலை. அது முடக்கப்படாமல் இருப்பது அடுத்த நிலை. அதன் நிரல் உண்மையில் ஓடத் தொடங்குவது, அதாவது ஆக்டிவேட் ஆவது, மூன்றாவது நிலை. ஓடத் தொடங்கியபின் தன் வேலையைச் சரியாகச் செய்வது நான்காவது. நாம் 'வேலை செய்யவில்லை' என்று ஒரே சொல்லில் சொல்வது இந்த நான்கில் எந்த இடத்திலும் அறுந்திருக்கலாம். எங்கே அறுந்தது என்று தெரியாமல் கை வைத்தால் எல்லாம் குத்துமதிப்புதான்.

எக்ஸ்டென்ஷன்கள் வி.எஸ். கோடின் திரையை வரையும் பகுதிக்குள் ஓடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனிச் செயல்முறையில், நோட்.ஜேஎஸ் மேல் ஓடுகின்றன. ஒரு எக்ஸ்டென்ஷன் திணறினாலும் நீங்கள் தட்டச்சு செய்வது நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. நிறுவிய எல்லாமே வி.எஸ். கோட் திறந்தவுடன் ஓடத் தொடங்கினால் கணினி தள்ளாடிவிடும். எனவே ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் 'இன்னது நடந்தால் என்னை எழுப்பு' என்று தன் பேக்கேஜ் ஜேசான் கோப்பில் சொல்லி வைக்கிறது. பைத்தான் கோப்பு திறக்கப்பட்டால், குறிப்பிட்ட கட்டளை அழைக்கப்பட்டால், திறந்த கோப்புறையில் இன்ன பெயருள்ள கோப்பு இருந்தால், டீபக் தொடங்கினால் என்று இந்த நிபந்தனைகள் பலவகை. இவற்றுக்கு ஆக்டிவேஷன் ஈவென்ட் என்று பெயர். அந்த நிகழ்வு நடக்கும் வரை எக்ஸ்டென்ஷனின் ஒரு வரி நிரல்கூட ஓடாது.

குழப்பத்தின் வேர் இங்கேதான். கட்டளைகளின் பெயர், மெனுவில் வரும் வரி, அமைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் வி.எஸ். கோட் அந்த பேக்கேஜ் ஜேசான் கோப்பைப் படித்தே காட்டிவிடுகிறது. நிரல் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டல் வாசல் பலகையில் மசால் தோசை என்று எழுதியிருப்பதற்கும் உள்ளே அடுப்பு எரிவதற்கும் உள்ள தொடர்பு போலத்தான் இது. கமாண்ட் பேலட்டில் பெயர் தெரிகிறது, அழுத்துகிறோம், எக்ஸ்டென்ஷன் எழ முயன்று பாதியில் விழுகிறது, கட்டளையைப் பதிவுசெய்யும் வரி வரை அது போய்ச் சேரவே இல்லை. அதனால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. இந்தச் செய்தி பெரும்பாலும் நோயின் பெயரல்ல, அறிகுறி. உண்மையான பிழை அதற்கு முன்பே வேறோர் இடத்தில் பதிவாகியிருக்கும்.

அந்த இடத்துக்குப் போவோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் (மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்) கமாண்ட் பேலட் திறக்கும். அதில் 'டெவலப்பர்: ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றும் ஆக்டிவேட் ஆக எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது, எந்த நிகழ்வால் எழுந்தது, பிடிபடாத பிழைகள் எத்தனை என்பதும் அதிலேயே இருக்கும். இவ்வளவு பயனுள்ள பக்கத்தை டெவலப்பர் என்ற பெயருக்குக் கீழே வைத்ததால் சாதாரணப் பயனர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. நீங்கள் போங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷனின் பெயர் அங்கே இல்லவே இல்லையென்றால், அதை யாரும் எழுப்பவில்லை. பெயர் இருந்து, நேரம் வராமல் நிற்கிறது அல்லது பிழைக் குறிப்பு தெரிகிறது என்றால், எழும்போது விழுந்திருக்கிறது. பெயரும் நேரமும் ஒழுங்காக இருந்தால், அது நன்றாகவே எழுந்துவிட்டது, சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. மூன்றுக்கும் வழி வேறு.

பெயரே இல்லாத நிலைதான் மிகச் சாதாரணமானது, மிக எளிதில் தீர்வதும் அதுதான். திரையின் கீழ்ப் பட்டையில் வலது பக்கம் கோப்பின் மொழி எழுதியிருக்கும். அங்கே பைத்தான் என்பதற்குப் பதில் பிளெய்ன் டெக்ஸ்ட் என்று இருந்தால், பைத்தான் எக்ஸ்டென்ஷனுக்கு எழக் காரணமே இல்லை. அந்தச் சொல்லைச் சொடுக்கி மொழியை மாற்றிப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறான பின்னொட்டு உள்ள கோப்புகளுக்கு, அமைப்புகளில் ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸ் என்ற இடத்தில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும். அடுத்தது, தனிக் கோப்பைத் திறப்பதற்கும் கோப்புறையைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு. கோப்புறைக்குள் இன்ன கோப்பு இருந்தால் எழுவேன் என்று சொல்லியிருக்கும் எக்ஸ்டென்ஷன், ஒற்றைக் கோப்பை மட்டும் திறந்தால் எழாது. திட்டத்தின் தலைமைக் கோப்புறையைத் திறக்காமல் அதற்கு ஒரு படி மேலே உள்ளதைத் திறந்தாலும் பல வேளைகளில் இதே கதைதான்.

எக்ஸ்டென்ஷன் எழாததற்கு இன்னொரு காரணம், 2021 மே மாதப் பதிப்பான 1.57-இல் வந்த வொர்க்ஸ்பேஸ் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. புதிதாக ஒரு கோப்புறையைத் திறக்கும்போது 'இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா' என்று கேட்குமே, அதுதான். அவசரத்தில் மறுத்துவிட்டால் அந்தக் கோப்புறை ரெஸ்ட்ரிக்டட் மோடில் திறக்கும், பல எக்ஸ்டென்ஷன்கள் முடங்கியோ குறைந்த வசதிகளோடோ இருக்கும். மேலே ஒரு பட்டை வந்து இதைச் சொல்லும், கண் அதைப் பழகிக் கடந்துவிடும். ஆனால் எக்ஸ்டென்ஷன் வேலை செய்ய வேண்டுமே என்பதற்காக யாரோ அனுப்பிய அறிமுகமில்லாத கோப்புறையை நம்புவதாகச் சொல்லிவிடாதீர்கள். திறந்த கோப்புறைக்குள் இருக்கும் நிரல் உங்கள் கணினியில் உங்களுக்குத் தெரியாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

அமைப்புகளையும் எக்ஸ்டென்ஷன்களையும் தனித்தனித் தொகுப்பாக வைத்துக்கொள்ளும் புரொஃபைல் வசதியைப் பயன்படுத்துபவர்கள், எக்ஸ்டென்ஷனை எந்தப் புரொஃபைலில் நிறுவினோம் என்று பார்க்க வேண்டும். ஒன்றில் நிறுவியது மற்றொன்றில் தானாக இருக்காது. தொலைவிலுள்ள கணினியில் எஸ்.எஸ்.எச். வழியாக வேலை செய்பவர்களுக்கும், விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். பயன்படுத்துபவர்களுக்கும், கன்டெய்னருக்குள் வேலை செய்பவர்களுக்கும் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அப்போது வி.எஸ். கோட் இரண்டு துண்டாக இயங்குகிறது. வண்ணத் தோற்றம் போன்ற திரை சார்ந்த எக்ஸ்டென்ஷன்கள் உங்கள் கணினியில் ஓடும். நிரலைப் படித்து வேலை செய்பவை தொலைக் கணினியில் ஓட வேண்டும், எனவே அங்கேயும் நிறுவப்பட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் பெயர் மங்கலாகத் தெரிந்து, அருகே 'இன்ஸ்டால் இன்' என்று தொடங்கும் பொத்தான் இருந்தால் அதன் பொருள் இதுதான். உலாவியில் ஓடும் வி.எஸ். கோடில் நிலைமை இன்னும் குறுகல். அங்கே நோட்.ஜேஎஸ் இல்லாததால், உலாவிக்கென்று எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் மட்டுமே ஓடும்.

இனி, எழும்போதே விழுந்த எக்ஸ்டென்ஷன். இங்கே உங்களுக்குத் தேவை பிழைச் செய்தியின் முழு வாசகம். வியூ மெனுவில் அவுட்புட் பேனலைத் திறந்து, வலது பக்கப் பட்டியலில் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொலைக் கணினி என்றால் ரிமோட் என்று குறிப்பிட்டிருக்கும் ஹோஸ்டையும் பாருங்கள். 'ஆக்டிவேட்டிங் எக்ஸ்டென்ஷன்' என்று தொடங்கி 'ஃபெயில்ட்' என்று வரும் வரியைத் தேடுங்கள். அதை ஒட்டித்தான் காரணம் இருக்கும். பல எக்ஸ்டென்ஷன்கள் அதே பட்டியலில் தங்கள் பெயரிலும் ஒரு பதிவு வைத்திருக்கும். அங்கும் போதுமான விவரம் இல்லையென்றால், 'டெவலப்பர்: செட் லாக் லெவல்' கட்டளையால் பதிவின் அளவை டிரேஸ் என்று உயர்த்தி, சன்னலை மறுபடி ஏற்றிப் பாருங்கள். 'டெவலப்பர்: டாகிள் டெவலப்பர் டூல்ஸ்' திறந்தால் கன்சோலிலும் பிழை சிவப்பாகத் தெரியும்.

ஒரு முறை எழும்போது தோற்ற எக்ஸ்டென்ஷனை வி.எஸ். கோட் அதே அமர்வில் மறுபடி எழுப்பிப் பார்க்காது என்பதையும் மனதில் வையுங்கள். காரணத்தைச் சரிசெய்துவிட்டு, கட்டளையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தால் பழைய பிழையே வரும். 'டெவலப்பர்: ரீலோட் விண்டோ' அல்லது 'டெவலப்பர்: ரீஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்' கொடுத்த பிறகே பலன் தெரியும்.

'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்று இருந்தால் எக்ஸ்டென்ஷனுக்குத் தேவையான ஒரு துணைக் கோப்பு காணவில்லை. பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கலாம், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பை எடுத்துப் போயிருக்கலாம், வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். நீக்கி மறுபடி நிறுவுவது உண்மையில் பொருந்தும் இடம் இது. அப்போதும் வட்டில் பழைய எச்சம் தங்கியிருக்கக்கூடும். வி.எஸ். கோடை மூடிவிட்டு, உங்கள் பயனர் கோப்புறைக்குள் '.விஎஸ்கோட்' என்ற புள்ளியில் தொடங்கும் கோப்புறையில், எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற உட்கோப்புறையில் அதன் பெயருள்ளது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் புதிதாக இருந்தும் அதே பிழை வந்தால், எக்ஸ்டென்ஷனைக் கட்டியவர் அந்தக் கோப்பைச் சேர்க்க மறந்திருக்கிறார். நீங்கள் செய்யக்கூடியது முந்தைய பதிப்புக்குப் போவதுதான். எக்ஸ்டென்ஷனின் பற்சக்கர மெனுவில் 'இன்ஸ்டால் ஸ்பெசிஃபிக் வெர்ஷன்' என்று ஒரு வரி உண்டு. நேற்று வரை வேலை செய்த எக்ஸ்டென்ஷன் இன்று காலை நின்றுவிட்டது, நீங்கள் எதையும் தொடவில்லை என்றால், இரவில் அது தானாகப் புதுப்பிக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வி.

இன்னொரு வகைப் பிழைகள் இயந்திரக் கட்டமைப்பு சார்ந்தவை. சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் போன்றவற்றில் எழுதித் தொகுக்கப்பட்ட துண்டுகளைச் சில எக்ஸ்டென்ஷன்கள் உள்ளே வைத்திருக்கும். அவை விண்டோஸுக்கு ஒன்று, இன்டெல் மேக்குக்கு ஒன்று, ஆப்பிள் சிப் மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி. இணையம் இல்லாத கணினியில் நிறுவுவதற்காக, எக்ஸ்டென்ஷனின் பொதியான வி.எஸ்.ஐ.எக்ஸ். கோப்பை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுபோகும்போது இங்கேதான் தவறு நேர்கிறது. எந்தக் கணினியில் ஓடப்போகிறதோ அந்த வகைக்கான கோப்பை இறக்க வேண்டும். பழைய லினக்ஸ் சர்வர்களில் வேலை செய்பவர்களுக்கு இதோடு ஒரு தடையும் சேர்ந்திருக்கிறது. 2025 மார்ச் மாதப் பதிப்பான 1.99-இலிருந்து, வி.எஸ். கோடின் தொலைக் கணினிப் பகுதிக்கு ஜிலிப்சி நூலகம் 2.28 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. அங்கே எக்ஸ்டென்ஷனைக் குறை சொல்லிப் பயனில்லை, அடித்தளமே பழையது.

ஒரு எக்ஸ்டென்ஷன் இன்னொன்றைச் சார்ந்திருந்து, அந்த மற்றது முடக்கப்பட்டிருந்தால், இரண்டும் படுத்துவிடும். இதை வி.எஸ். கோட் பெயரோடு தெளிவாகச் சொல்லிவிடும், படித்துச் செய்தால் போதும். வி.எஸ். கோடின் பதிப்பு பழையதாக இருப்பதும் அப்படியே. வி.எஸ். கோடியம் போன்ற மாற்றுத் தொகுப்புகளைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: கோடியம் எக்ஸ்டென்ஷன்களை மைக்ரோசாஃப்டின் சந்தையிலிருந்து எடுப்பதில்லை, எக்லிப்ஸ் அறக்கட்டளையின் ஓபன் வி.எஸ்.எக்ஸ். களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. அங்கே சிலவற்றின் பதிப்பு பின்தங்கியிருக்கும், சில இருக்கவே இருக்காது. மைக்ரோசாஃப்டின் பைலான்ஸ் போன்றவற்றின் உரிமம் அவற்றை மாற்றுத் தொகுப்புகளில் ஓட்ட அனுமதிப்பதில்லை.

எழுந்தது, நேரமும் காட்டுகிறது, ஆனாலும் வேலை நடக்கவில்லை. இந்த மூன்றாவது வகையில்தான் அனுபவசாலிகளும் வழி தவறுகிறார்கள். பல எக்ஸ்டென்ஷன்கள் வெறும் இடைத்தரகர்கள். கோ மொழியின் எக்ஸ்டென்ஷன் கோபில்ஸ் என்ற வேறொரு நிரலை அழைக்கிறது. இ.எஸ்.லின்ட் எக்ஸ்டென்ஷன் உங்கள் திட்டத்திலோ கணினியிலோ நிறுவியிருக்கும் இ.எஸ்.லின்ட் நூலகத்தைத் தேடுகிறது. கிளாங்டி, ரஸ்ட் அனலைசர், ஜாவா எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு லாங்குவேஜ் சர்வர் தனியாக ஓடுகிறது. எக்ஸ்டென்ஷன் உயிரோடு இருந்து சர்வர் செத்துக் கிடந்தால், திரையில் தெரிவது ஆக்டிவேட் ஆகாத எக்ஸ்டென்ஷனைப் போலவே இருக்கும். அவுட்புட் பேனலில் அந்த மொழியின் பெயரிலுள்ள பதிவில்தான் உண்மை கிடைக்கும். பைத்தானில் தவறான இன்டர்பிரட்டர் தேர்வாகியிருப்பது, ஜாவாவில் பொருந்தாத ஜே.டி.கே. இருப்பது இரண்டும் அடிக்கடி காணக்கூடியவை. ஜாவாவுக்கு, சர்வர் சேமித்து வைத்த பழைய தகவலைத் துடைத்துவிட்டுத் தொடங்க 'கிளீன் ஜாவா லாங்குவேஜ் சர்வர் வொர்க்ஸ்பேஸ்' என்று தனிக் கட்டளையே உண்டு.

டெர்மினலில் ஓடும் நிரலை எக்ஸ்டென்ஷன் மட்டும் காணவில்லை என்கிறதே, ஏன்? மேக்கிலும் லினக்ஸிலும் படத்தைச் சொடுக்கித் திறந்த வி.எஸ். கோட், உங்கள் ஷெல்லின் அமைப்புக் கோப்புகளைத் தானே ஓட்டிப் பார்த்து, நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியைத் தெரிந்துகொள்ள முயல்கிறது. அந்த அமைப்புக் கோப்பு மெதுவாக ஓடினாலோ, கேள்வி கேட்டு நின்றாலோ முயற்சி தோற்று, பாத் அரைகுறையாக இருந்துவிடும். சோதிக்க எளிய வழி, வி.எஸ். கோடை முழுதாக மூடிவிட்டு, டெர்மினலில் திட்டக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு 'கோட்' கட்டளையால் திறப்பது. அப்படித் திறந்தால் எல்லாம் நடக்கிறது என்றால், சரிசெய்ய வேண்டியது உங்கள் ஷெல் அமைப்பை.

சில சமயம் குற்றவாளி வேறொரு எக்ஸ்டென்ஷன். ஒரு கணினியில் பொதுவாக எல்லாமே ஒரே ஹோஸ்டில் ஓடுவதால், ஒன்று முடிவில்லாத சுழலில் மாட்டினால் மற்றவை வரிசையில் காத்துக் கிடக்கும். ஒன்று ஹோஸ்டையே வீழ்த்தினால் எல்லாமே போகும். ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை ஹோஸ்ட் விழுந்ததாகச் செய்தி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். இதற்கு 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று ஒரு அருமையான கருவி இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷன்களில் பாதியை முடக்கிவிட்டுச் சிக்கல் இருக்கிறதா என்று கேட்கும், உங்கள் பதிலைப் பொறுத்து மீதியைப் பாதியாக்கும். 30 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் ஆள் அகப்பட்டுவிடும். ஒவ்வொன்றாகக் கையால் முடக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே எக்ஸ்டென்ஷனைத் தனியே சோதிக்க வேண்டுமென்றால் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் நிறுவிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் எக்ஸ்டென்ஷனில் பழுதில்லை, உங்கள் அமைப்பிலோ மற்றவற்றிலோ இருக்கிறது.

எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எஃப் 5 அழுத்திச் சோதிக்கும்போது ஓடுவது உங்கள் மேசையில் இருக்கும் முழுக் கோப்புறை. பொதியாகக் கட்டும்போது, டெவ் டிபென்டென்சி பட்டியலில் இருப்பவை வெளியே விடப்படும். ஓடும்போது தேவைப்படும் நூலகத்தை அந்தப் பட்டியலில் போட்டிருந்தால், உங்களிடம் ஓடும், உலகில் வேறு யாரிடமும் ஓடாது. வி.எஸ்.கோட் இக்னோர் கோப்பில் ஒரு வரி அதிகமாகப் போனாலும் இதே விளைவு. விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்படுத்தப்படாது, லினக்ஸில் பொருட்படுத்தப்படும். இதனால் ஒரே ஓர் எழுத்து மாறி எழுதிய இம்போர்ட் வரி, லினக்ஸ் பயனர்களிடம் மட்டும் எக்ஸ்டென்ஷனை வீழ்த்தும். கட்டளையைத் தந்தால் அதற்கான ஆக்டிவேஷன் ஈவென்ட்டைத் தனியே எழுதத் தேவையில்லை என்பது 1.74 பதிப்பிலிருந்துதான். அதைவிடப் பழைய பதிப்புகளையும் ஆதரிப்பதாக என்ஜின்ஸ் வரியில் சொல்லிவிட்டு ஈவென்ட்டை நீக்கினால், அந்தப் பயனர்களிடம் கட்டளை செத்துப்போகும். வெளியிடுவதற்கு முன் வி.எஸ்.ஐ.எக்ஸ். கோப்பாகக் கட்டி, சுத்தமான புரொஃபைலில் நிறுவிப் பாருங்கள். இதைச் செய்யாமல் வெளியிடுவது பயனர்களின் நேரத்தை மதிக்காத செயல் என்றே நான் நினைக்கிறேன். ஆக்டிவேட் செயற்கூறு முழுவதையும் ஒரு டிரை கேட்சுக்குள் போட்டுப் பிழையை விழுங்கிவிடுவது அதைவிட மோசம். எக்ஸ்டென்ஷன் எழுந்துவிட்டதாக வி.எஸ். கோட் நினைக்கும், எந்தப் பதிவிலும் தடயம் இருக்காது, பயனர் இருட்டில் தேடுவார். அதுபோல, ஆக்டிவேட்டுக்குள் இணையத்தில் எதையாவது கேட்டுக் காத்திருக்காதீர்கள். இணைப்பு மெதுவானவர்களிடம் எக்ஸ்டென்ஷன் எழ வெகுநேரம் ஆகும்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லையென்றால் எக்ஸ்டென்ஷனை எழுதியவருக்குத் தெரிவியுங்கள். ஹெல்ப் மெனுவில் ரிப்போர்ட் இஷ்யூ உண்டு, குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்தால் அதன் பதிப்பையும் உங்கள் வி.எஸ். கோட், இயங்குதளப் பதிப்புகளையும் அதுவே நிரப்பித் தரும். எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் பதிவில் கிடைத்த பிழை வாசகத்தை முழுதாக ஒட்டுங்கள், திரைப்பிடிப்பாக அல்ல, எழுத்தாக. பதிவில் உங்கள் கடவுச்சொல், டோக்கன், கோப்புப் பாதையில் உங்கள் பெயர் போன்றவை இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். தற்காலிகப் புரொஃபைலிலும் அதே பிழை வந்ததா என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். பல எக்ஸ்டென்ஷன்களை ஊதியமில்லாமல் தங்கள் ஓய்வு நேரத்தில் யாரோ பராமரிக்கிறார்கள். 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. இந்த விவரங்கள் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.